பிரான்ஸ் 1963: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் இறந்த தேதி ஒரு புத்தகத்தில் அக்டோபர் 10 என்றும், இன்னொன்றில் 11 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?
– புதுச்சேரி வாசகர்

10 என்றே எழுதுங்கள். தென் பிரான்சில், கிராஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்காசியே என்ற ஊரில்தான் அவர் உயிர் பிரிந்தது. வயது 47. பாரிஸ் தெருக்களில் பாடி வளர்ந்தவர் வேறெங்கோ இறந்தார் என்று இருக்கக் கூடாது என நெருங்கியவர்கள் நினைத்தார்கள். அதனால் சத்தமில்லாமல் ஆம்புலன்ஸில் உடலைப் பாரிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து, 11ஆம் தேதி காலை அங்கேயே இறந்ததாக அறிவித்தார்கள். அன்றைய நாளிதழைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் 11 என்று எழுதியது இதனால்தான்.

பிறப்பிலும் இதே குழப்பம் உண்டு. பாரிஸ் பெல்வில் தெரு 72ஆம் எண் வீட்டு வாசலில் பிறந்தார் என்று அங்கே கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழோ தெனோன் மருத்துவமனை என்கிறது. சான்றிதழை நம்புங்கள், கல்வெட்டுக் கதையைக் கதையென்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பியாஃப் இறந்த அதிர்ச்சியில்தான் கவிஞர் ழான் காக்தோ இறந்தாராமே?
– திருச்சி வாசகர்

அவர் இறந்தது 11ஆம் தேதி, மில்லி-லா-ஃபோரே ஊரில் இருந்த தம் வீட்டில். பியாஃப் செய்தியைக் கேட்ட சில மணி நேரத்தில் இதயம் நின்றது. ஆனால் அந்த ஏப்ரலிலேயே அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது, வயதும் 74. செய்தி அவரை உலுக்கியிருக்கும், சந்தேகமில்லை. 1940இல் பியாஃப் நடிப்பதற்கென்றே ஓரங்க நாடகம் எழுதிக் கொடுத்தவர் அவர். ஆனாலும் ‘செய்தி கேட்டு இறந்தார்’ என்று எழுதாதீர்கள். ‘செய்தி கேட்ட அன்றே இறந்தார்’ என்பது போதும்.

கல்லூரிப் பிரெஞ்சுத் துறையில் ‘1963’ என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம். மறைந்தவர்களில் யார் யாரைச் சேர்க்கலாம்? எங்கள் ஊர்ப் பக்கமும் ஏதாவது உண்டா?
– காரைக்கால் வாசகர்

பெயர்களை வரிசையாக ஒட்டாதீர்கள். அவர்களுக்குள் இருந்த உறவைக் காட்டுங்கள். ஜனவரி 30 அன்று இறந்த இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்கிலிருந்து தொடங்கலாம். பியாஃபுக்கு வணக்கமாக 1959இல் ஒரு பியானோ இசைத் துண்டு எழுதியவர் அவர். அதே ஆண்டு அரங்கேறிய அவருடைய ஒற்றைப் பெண் குரல் ஆப்பெராவுக்கு வசனம், காக்தோவின் நாடகம். ஆக, ஒரே ஆண்டில் போன மூவரும் ஒருவர் வேலைக்குள் ஒருவர் இருந்தவர்கள். பார்க்க வருபவர் அந்தப் பலகையின் முன் கண்டிப்பாக நிற்பார்.

இங்கே வழக்கமாக வரும் தவறு ஒன்று உண்டு. பூலாங்கின் கிளாரினெட் சொனாட்டா எழுதப்பட்டது 1962இல். முதன்முதலில் மேடையேறியது 1963 ஏப்ரலில், நியூயார்க்கில். பென்னி குட்மன் கிளாரினெட் வாசிக்க, லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் இருந்தார். எழுதியவர் கேட்க இல்லை. இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே குறியுங்கள்.

ஓவியர் ஜார்ஜ் பிராக் ஆகஸ்ட் 31 அன்று இறந்தார். லூவ்ர் முன்றிலில் அரசு மரியாதை; அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அஞ்சலி உரை. பியாஃபுக்கோ, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவர் என்று கத்தோலிக்க இறுதிச் சடங்குத் திருப்பலியே மறுக்கப்பட்டது. அது பெரிய அநீதி என்றே சொல்வேன். பெல்வில் தேவாலயத்தில் அவருக்காகத் திருப்பலி நடக்க 2013 வரை, சரியாக 50 ஆண்டு, ஆயிற்று.

துக்கம் மட்டும் போதாது. ஜூன் 22 இரவு, பாரிஸ் நாசியோன் சதுக்கத்தில் ராக் பாடகர் ஜானி ஆலிடேயைக் கேட்க சுமார் 1,50,000 இளைஞர்கள் திரண்டார்கள். அந்தப் படத்தைப் பியாஃப் இறுதி ஊர்வலத்தின் பக்கத்தில் மாட்டுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம்: பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைத்த கைமாற்ற ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம். 1963 பிப்ரவரியில் முடிந்தது. ஜூலை 1 அன்று புதுச்சேரியின் பிரதிநிதிகள் சபை சட்டமன்றம் ஆனது.

பாரிஸ் போகிறேன். பியாஃப் கல்லறையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– சென்னை வாசகர்

அவர் கல்லறை இருப்பது பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில். அந்தப் பெயரைப் பார்த்து அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், 44 ஹெக்டேர் மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். 3ஆம் தடத்தில் காம்பெத்தா நிலையத்தில் இறங்குங்கள். அந்தப் பக்க வாசல், பியாஃப் இருக்கும் 97ஆம் பிரிவுக்கு அருகில், அனுமதி இலவசம். கருங்கல்லில் ‘பியாஃப்’ என்று மட்டும் தேடாதீர்கள். ‘கசியோன்-பியாஃப் குடும்பம்’ என்றிருக்கும். தந்தையும், இரண்டு வயதில் இறந்த மகளும் அதே குழியில்தான் இருக்கிறார்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் நார்மண்டியின் வாரன்ஷ்வில் என்ற ஊருக்குப் போய் வாருங்கள். கடலோரச் செங்குத்துப் பாறை மேல் இருக்கும் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் பிராக் இருக்கிறார்; கல்லில் மொசைக்கால் பதித்த வெள்ளைப் பறவை அடையாளம். தேவாலயத்துக்குள் அவர் வரைந்து கொடுத்த வண்ணக் கண்ணாடியையும் பாருங்கள். பாறை அரித்துக்கொண்டே வருகிறது, அதனால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.