கேளுங்கோ, சொல்லுறம்: போல்டரை அப்பிடியே ஒரு இமேஜ் ஆக்கிறது

போன இதழில பைல் சிஸ்டம் எண்டால் என்னெண்டு எழுதினனான், அதுக்குப் பிறகு வந்த கேள்வியளில கனக்க ஒரே விசயத்தைச் சுத்தித்தான் வந்திருக்கு, ஒரு போல்டருக்குள்ள கிடக்கிறதை எல்லாம் கொமாண்ட் லைன்ல ஒரே இமேஜ் பைலா, அதாவது ஒரு முழு டிரைவை உள்ளுக்க அடக்கின மாதிரி ஒரு பைலா எப்பிடி மாத்திறது எண்டு. அதால இந்தமுறை முழு இடத்தையும் அதுக்கே விட்டிருக்கு. கொமாண்டுகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறன், மைனஸ் எண்டால் ஒப்ஷனுக்கு முன்னால போடுற சின்னக் கோடு, பெரிய எழுத்து எண்டு சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து எண்டு எடுங்கோ.

சுன்னாகத்திலயிருந்து ஒரு வாசகர்: வணக்கம் அண்ணை. எங்கட சனசமூக நிலையத்தின்ர பழைய ஆண்டு மலர், கூட்ட அறிக்கைக் கொப்பியள் எல்லாம் ஸ்கான் பண்ணி ஒரு போல்டரில வைச்சிருக்கிறம். ரிஃப், பிடிஎஃப் எல்லாம் கலந்து 38 ஜிபி வருது. வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனத்துக்கு ஒரே பைலாக் குடுக்கவேணும், உள்ளுக்க ஒருத்தரும் ஒண்டையும் மாத்தேலாத மாதிரியும் இருக்கவேணும். ஜிப் பண்ணினாக் காணாதோ?

ஒருக்கா அனுப்பி அங்க விரிச்சு வைக்கிறதுக்கு மட்டுமெண்டால் ஜிப் காணும், அதில ஒரு பிழையும் இல்லை. ஆனா வாங்கிற ஆள் விரிக்கிறதுக்கு இன்னொரு 38 ஜிபி இடம் தேடவேணும், விரிச்ச பிறகு அது ஒரு சாதாரண போல்டர், ஆர் வேணுமெண்டாலும் ஒரு பக்கத்தை அழிக்கலாம், பேரை மாத்தலாம். இமேஜை விரிக்கத் தேவையில்லை, மவுண்ட் பண்ணினா ஒரு டிரைவ் மாதிரி வந்து நிக்கும், வேண்டிய பக்கத்தைப் பாத்திட்டு மூடிவிடலாம். நீங்கள் கேக்கிறது இமேஜ்தான், அதுவும் ஒண்டில்லை, ரெண்டு செய்யுங்கோ, நிலையத்தில வைக்க ஒண்டு, சனத்துக்குக் குடுக்க ஒண்டு.

நிலையத்தில வைக்கிறதுக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் எண்ட பைல் சிஸ்டம். 2009இல வந்த 2.6.29 கேர்னல்ல (லினக்ஸின்ர மையப் பகுதி) இருந்து லினக்ஸுக்குள்ளயே இருக்குது, வாசிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது, உங்களுக்கு வேண்டினதும் அதுதானே. செய்யேக்கயே சுருக்கும். கம்ப்ரஸ் பண்ணாத ரிஃப் எண்டால் வடிவாச் சுருங்கும், ஸ்கான் பண்ணின பிடிஎஃபில பெரிசா ஒண்டும் குறையாது, அது ஏற்கனவே சுருங்கினது. இன்னொரு நல்ல விசயம், ஒரே பைல் ரெண்டு மூண்டு போல்டரில கிடந்தாலும் ஒருக்காத்தான் சேமிக்கும், ஸ்கான் பண்ணினவை ஆளாளுக்கு ஒரு கொப்பி போட்டு வைச்சிருப்பினம் எல்லோ, அதெல்லாம் இடம் பிடிக்காது.

கொமாண்ட் லேசு. எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் எண்டு அடிச்சு, போல்டரின்ர பேர், பிறகு இமேஜுக்கு வைக்கிற பேர், கடைசியில மைனஸ் கொம்ப் இசட்எஸ்ரிடி, அது சுருக்கிற முறையின்ர பேர். அந்த இசட்எஸ்ரிடி வாசிக்கிறதுக்கு 4.14 இல்லாட்டி அதுக்குப் பிந்தின கேர்னல் வேணும், மெஷின் அதைவிடப் பழசெண்டால் கொம்ப் ஒண்டும் போடாமல் விடுங்கோ, அது தானா ஜிஜிப்பில செய்யும்.

இதில ஒரு இடத்தில கவனம். இமேஜ் செய்து முடிஞ்ச பிறகு நாலு பக்கம் விடுபட்டது தெரிஞ்சு, போல்டரில அதைச் சேத்திட்டு அதே கொமாண்டைத் திரும்ப அடிச்சா, பழைய இமேஜை அழிச்சுப்போட்டுப் புதுசாச் செய்யும் எண்டுதானே நினைப்பியள், அது அப்பிடிச் செய்யாது, பழசோட புதுசைச் சேக்கும், அதே பேரில ஏற்கனவே இருந்தா பின்னால ஒரு கீழ்க்கோடும் 1ம் போடும். மவுண்ட் பண்ணிப் பாத்தா மலர்1978 எண்டு ஒண்டு, மலர்1978_1 எண்டு இன்னொண்டு, எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்கும். அதால கொமாண்டின்ர கடைசியில எப்பவும் மைனஸ் நோஅப்பென்ட் எண்டு சேத்து அடிச்சுப் பழகுங்கோ.

குடுக்கிறதுக்கு ஐஎஸ்ஓ, அது சிடி, டிவிடிக்கெண்டு வந்த இமேஜ் வகை. ரொறன்ரோவில இருக்கிறவருக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் அனுப்பினா 7-ஜிப் போட்டால்தான் திறக்கும், ஐஎஸ்ஓ எண்டால் விண்டோஸ் 8இல இருந்து ரெண்டுதரம் கிளிக் பண்ண டிரைவா வரும், மக்கிலயும் அப்பிடித்தான். ஜென்ஐஎஸ்ஓஇமேஜ், மைனஸ் ஓ போட்டு இமேஜின்ர பேர், மைனஸ் பெரிய ஜே, மைனஸ் ஆர், கடைசியில போல்டர். ஆர் ஒப்ஷன்ல சின்ன எழுத்தும் இருக்கு பெரிய எழுத்தும் இருக்கு. பெரிசு போட்டா உங்கட மெஷின்ல பைல் ஆற்ற பேரில இருந்துதோ, ஆருக்குப் பேர்மிஷன் இருந்துதோ எல்லாம் அப்பிடியே போகும், சின்னன் போட்டா எல்லாரும் வாசிக்கிற மாதிரி மாத்திப் போடும், பிறருக்குக் குடுக்கேக்க சின்னன்தான் சரி. ஒரு தனிப் பைல் 4 ஜிபிக்கு மேல இருந்தா மைனஸ் அலவ்-லிமிட்டெட்-சைஸ் எண்டும் சேருங்கோ. பென்ட்ரைவில போட்டுக் குடுக்கிறதெண்டால் அதை எக்ஸ்ஃபட் ஆ ஃபோர்மட் பண்ணுங்கோ, ஃபட்32 எண்டால் 4 ஜிபி பைலையே ஏத்தாது, பிறகு எங்க 38.

முடிஞ்ச கையோட மூலப் போல்டரை அழிச்சுப்போடாதேங்கோ, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். முதல்ல இமேஜை மவுண்ட் பண்ணி, டிஃப் மைனஸ் ஆர் எண்டு போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கோ, 38 ஜிபிக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், விட்டிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, ஒரு வரியும் வராமல் முடிஞ்சால் ரெண்டும் ஒண்டு. பிறகு இமேஜுக்கு ஷா256சம் (உள்ளுக்க ஒரு எழுத்து மாறினாலும் மாறிப்போற அடையாள எண்) எடுத்து அந்த எண்ணை ஒரு கடதாசியில எழுதி நிலையத்தின்ர பதிவுக் கொப்பியில ஒட்டிவிடுங்கோ, பத்து வருசம் கழிச்சு இமேஜ் பழுதாகேல்லை எண்டு பாக்கிறதுக்கு அது ஒண்டுதான் சாட்சி. 1981இல எங்கட பொது நூலகம் எரிஞ்சதில 97,000 அளவு புத்தகங்கள் போனது, அதில எத்தினையோ வேற ஒரு இடத்திலயும் பிரதி இல்லாதது. அதால உந்த இமேஜ் நிலையத்தில ஒண்டு, ஊரில வேற வீட்டில ஒண்டு, கடல் கடந்து ஒண்டு எண்டு இருக்கட்டும், 2005இல இருந்து எங்கட ஆவணங்களைச் சேக்கிற நூலகம் நிறுவனத்தையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

கிளிநொச்சி, பொறியியல் பீட மாணவர்: சின்ன போர்ட் ஒண்டுக்கு லினக்ஸ் ரூட் ஃபைல்சிஸ்டம் போல்டரா வைச்சிருக்கிறன் சேர். அதை லினக்ஸின்ர வழமையான பைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 இமேஜ் ஆக்கவேணும். இன்ரநெற்றில பாத்த வழி எல்லாம் லூப்பில மவுண்ட் பண்ணிக் கொப்பி பண்ணச் சொல்லுது, லாப் மெஷின்ல எனக்கு சூடோ (ரூட் எண்ட நிர்வாகியின்ர அதிகாரம்) இல்லை.

தம்பி, மவுண்டே தேவையில்லை. எக்ஸ்ட்4 கருவியள் வாற பொதி ஈ2எஃப்எஸ்புரொக்ஸ், 2016இல வந்த அதின்ர 1.43இல இருந்து எம்கேஈ2எஃப்எஸ்க்கு மைனஸ் டி எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, போல்டரைக் காட்டினா இமேஜை உருவாக்கேக்கயே உள்ளதை எல்லாம் உள்ளுக்க வைச்சிடும், ரூட் கேக்காது. எம்கேஈ2எஃப்எஸ், மைனஸ் ரி எக்ஸ்ட்4, மைனஸ் டி போட்டு போல்டர், இமேஜின்ர பேர், கடைசியில அளவு, 1ஜி எண்ட மாதிரி. லாப் மெஷின் டெபியன் எண்டால் கொமாண்டே இல்லை எண்டு சொல்லக்கூடும், இருக்கும், எஸ்பின் போல்டர் சாதாரண யூசரின்ர பாதையில இல்லாதது மட்டும்தான் காரணம், முழுப்பாதையையும் குடுத்து அடிச்சுப் பார்.

ஆனா உனக்கு உண்மையான சிக்கல் பேந்துதான் வரும். நீ சாதாரண யூசரா நிண்டு செய்யிறதால உள்ளுக்க இருக்கிற எல்லாப் பைலுக்கும் சொந்தக்காரன் நீதான், யூசர் எண் 1000 எண்டு பதிஞ்சிருக்கும். போர்ட் பூட் ஆகும், எல்லாம் சரிபோலத் தெரியும், பிறகு சூடோ அடிச்சா தன்ர பைலுக்கு ரூட் சொந்தக்காரன் இல்லை எண்டு மாட்டன் எண்டு நிக்கும், எஸ்எஸ்ஹெச்சும் அப்பிடித்தான் முரண்டு பிடிக்கும், நீ கேர்னலில பிழையோ எண்டு தேடிக்கொண்டிருப்பாய். ரூட்_ஓனர் எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, சிலபேர் அதைப் போடச் சொல்லுவினம், அது மேல இருக்கிற ஒரேயொரு போல்டரைத்தான் மாத்தும், உள்ளுக்க போகாது. அதுக்கு ஃபேக்ரூட்தான் சரியான வழி. ஃபேக்ரூட் எண்டு மட்டும் அடிச்சா ஒரு ஷெல் திறக்கும், அதுக்குள்ள நிண்டு சோன் போட்டு எல்லாத்தையும் ரூட்டுக்கு மாத்தி, வெளிய வராமல் அதே ஷெல்லுக்குள்ளயே எம்கேஈ2எஃப்எஸ்ஸையும் அடி. வெளிய வந்திட்டுத் திரும்ப உள்ளுக்க போனா முதல் செய்த மாற்றம் எல்லாம் மறந்துபோகும், அது உண்மையில டிஸ்கில ஒண்டையும் மாத்துறேல்லை, மாத்தின மாதிரிக் காட்டுறது மட்டும்தான்.

முடிஞ்ச பிறகு ரூட் இல்லாமலே பாக்கலாம், டிபக்எஃப்எஸ், மைனஸ் பெரிய ஆர், பிறகு மேற்கோளுக்குள்ள எல்எஸ் மைனஸ் எல், கடைசியில இமேஜின்ர பேர். யூசர் எண் நிரலில 0 நிண்டால் சரி, 1000 நிண்டால் திரும்பச் செய்.

கோப்பாயிலயிருந்து ஒரு வாசகி: பழைய பத்திரிகை பக்கங்களை எழுத்தாக்கி, பக்கத்துக்கு ஒரு சின்ன ரெக்ஸ்ட் பைலா ஒரு லட்சத்துக்குக் கிட்ட வைச்சிருக்கிறன், ஒவ்வொண்டும் 2 கேபி வரும். எல்லாம் சேத்து 200 எம்பிதான். 1 ஜிபிக்கு எக்ஸ்ட்4 இமேஜ் செய்தும் இடமில்லை எண்டு எரர் வருது. எப்பிடி?

தங்கச்சி, இடம் இருக்கு, ஐநோட்தான் (ஒரு பைலின்ர விபரத்தை எழுதி வைக்கிற இடம்) முடிஞ்சுபோச்சு. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஐநோட் வேணும், எத்தினை ஐநோட் எண்டு இமேஜ் செய்யேக்கயே முடிவாகும், பிறகு அப்பிடியே கூட்டேலாது. எம்கேஈ2எஃப்எஸ் வழமையா 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோட் எண்டு கணக்குப் போடுது, 1 ஜிபியை அதால பிரிச்சா 65,536. உங்களிட்ட லட்சம் பைல், எப்பிடிக் காணும்? மைனஸ் ஐ 4096 எண்டு போட்டா 2,62,144 கிடைக்கும், இல்லாட்டி மைனஸ் பெரிய என் போட்டு 1,50,000 எண்டு நேரடியாவே சொல்லலாம்.

200 எம்பி எண்ட கணக்கும் சரியில்லை. பிளொக் 4 கேபி, 2 கேபி பைலும் ஒரு முழு பிளொக்கைப் பிடிக்கும், ஆக 400 எம்பி போகும். டியூ கொமாண்ட் சும்மா அடிச்சா டிஸ்கில பிடிச்ச இடத்தைச் சொல்லும், அப்பரன்ட்-சைஸ் எண்டு சேத்தாத்தான் உண்மையான எழுத்தின்ர அளவைச் சொல்லும், இமேஜுக்கு அளவு பாக்க முதலாவதுதான் வேணும். இன்னும் ரெண்டு, மைனஸ் எம் 0 போடுங்கோ, போடாட்டி ரூட்டுக்கெண்டு 5 வீதத்தை ஒதுக்கி வைக்கும், உங்களுக்கு அது வீண். அளவைக் கொஞ்சம் தாராளமாக் குடுத்திட்டு, முடிஞ்ச பிறகு ஈ2எஃப்எஸ்சிகே மைனஸ் எஃப், அதுக்குப் பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் மைனஸ் பெரிய எம் எண்டு அடிச்சா இமேஜை ஏலுமானவரைக்கும் சின்னனாக்கித் தரும்.

ஒண்டு கேக்கிறன், பிறகு இந்தப் பைலுகளைத் திருத்திற எண்ணம் இருக்கோ? இல்லையெண்டால் மேல சொன்ன ஸ்குவாஷ்எஃப்எஸ் செய்யுங்கோ, இந்த ஐநோட் கணக்கு ஒண்டும் அதில இல்லை, எழுத்துப் பைல் எண்டபடியா நல்லாச் சுருங்கியும் வரும்.

பருத்தித்துறை வாசகர்: ஐஎஸ்ஓ செய்து மச்சானுக்கு அனுப்பினன், விண்டோஸில தமிழ்ப் பேர் எல்லாம் பாதியில வெட்டுப்பட்டு நிக்குதாம். என்ர லினக்ஸ்ல முழுசாத் தெரியுது.

நீங்கள் பாக்கிறது ரொக் ரிட்ஜ் (மைனஸ் ஆர் எழுதிறது), அவர் பாக்கிறது ஜோலியட் (மைனஸ் பெரிய ஜே எழுதிறது), ஒரே ஐஎஸ்ஓவுக்குள்ள பேர்கள் ரெண்டு விதமா எழுதுப்பட்டிருக்கு. ஜோலியட்டில ஒரு பேருக்கு 64 இடம்தான். இங்கிலீசில அது காணும், தமிழில கெதியா முடிஞ்சிடும், ஏனெண்டால் குற்றும் அரவும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். யாழ்ப்பாணம் எண்டதை நாங்கள் ஆறு எழுத்தெண்டுதான் எண்ணுவம், கொம்பியூட்டருக்கு அது 11. லினக்ஸ் பக்கமும் எல்லை இருக்கு, எக்ஸ்ட்4இல ஒரு பேருக்கு 255 பைட், தமிழில ஒவ்வொரு இடமும் 3 பைட் எண்டபடியா 85தான் வரும்.

மைனஸ் ஜோலியட்-லோங் எண்டு போட்டா 103 வரைக்கும் விடும். ஆனா பேரைச் சுருக்கிறது அதைவிட நல்லது, வேறுபடுத்திற விசயத்தை முன்னுக்கு வையுங்கோ, இதழ் எண்ணும் ஆண்டும் முதல்ல, தலைப்பு பிறகு. முதல் 64 இடமும் ஒரே மாதிரி ரெண்டு பைல் ஒரே போல்டரில இருந்தா இமேஜே செய்யாமல் பேர் மோதுது எண்டு நிண்டிடும். வெட்டுப்படாமல் கேள்விக்குறியா வந்தா அது வேற வருத்தம், அதுக்கு மைனஸ் இன்புட்-சார்செட் யூரிஎஃப்-8 எண்டு சேத்துச் செய்யுங்கோ.

நெல்லியடி: இமேஜ் செய்துகொண்டிருக்கேக்க கரண்ட் போனால்?

பாதி இமேஜை அழிச்சுப்போட்டுத் திரும்ப முதலில இருந்து செய்யுங்கோ. மூலப் போல்டரை அது வாசிக்க மட்டும்தான் செய்யிறது, அதுக்கு ஒண்டும் ஆகாது.

கொக்குவில் மாணவி: மேக்எஃப்எஸ் எண்டு ஒண்டு இருக்காம், அது என்ன?

அது பிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி இன்னொரு ஒப்பரேற்றிங் சிஸ்டக் குடும்பம்) பக்கத்துச் சாமான், நெற்பிஎஸ்டி 1.6ஓட வந்தது. மைனஸ் ரி போட்டு வகையைச் சொன்னா எஃப்எஃப்எஸ் (பிஎஸ்டியின்ர பைல் சிஸ்டம்), சிடி9660 (ஐஎஸ்ஓ) எண்டு ஒரே கொமாண்டால வேற வேற இமேஜ் செய்யும், ரூட் வேண்டாம். அளவை நாங்கள் சொல்லத் தேவையில்லை, போல்டரைப் பாத்துத் தானே கணக்குப் போடும், மைனஸ் பி போட்டு இத்தினை வீதம் வெறுமையா விடு எண்டு மட்டும் சொன்னாக் காணும். அது எனக்கு நல்லாப் பிடிச்ச விசயம். பிஎஸ்டியில வேலை செய்யிறியள் எண்டால் வேற ஒண்டும் தேடாதேங்கோ, லினக்ஸ் போர்டுக்கு எக்ஸ்ட்4 வேணுமெண்டால் கிளிநொச்சித் தம்பிக்குச் சொன்னதுதான் வழி.