ஒரு தட்டு அடுப்பும் பாதி ஃபிரிட்ஜும்: ஜெர்மனியில் படிக்க வருகிறவர்களின் சமையல் கேள்விகள்

அக்டோபரில் குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனி வரப்போகிறவர்களும், போன வருடமே வந்து மென்சா (பல்கலைக்கழக கேன்டீன்) சாப்பாட்டில் நாக்கு செத்துப் போனவர்களும் கேட்டவற்றை ஒன்றாகப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நானும் முதுகலை படிக்க வந்து, ஒரு மாடி முழுக்கப் பங்கு போட்டுக்கொண்ட ஹாஸ்டல் கிச்சனில் சமைத்தவள்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் அடுப்படியை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். ஆல்டி, லிடில் மாதிரி மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைப்பதை வைத்து நம் ருசிக்கு எப்படிப் போவது என்று யோசித்தால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

கேள்வி: அக்கா, 23 கிலோ பெட்டியில் சமையலுக்கு என்னென்ன எடுத்து வரட்டும்? அம்மா நெய், கறிவேப்பிலை, பத்து கிலோ அரிசி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அரிசியை முதலில் வெளியே எடுங்கள். பாஸ்மதி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு, புழுங்கலரிசி ஆசியக் கடைகளில் கிடைக்கும். நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி. 2019 டிசம்பரிலிருந்து செடி, இலை, பழம், காய் எது கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. (மீனுக்குத் தடை இல்லை, ஆகவே கருவாடு சட்டப்படி செல்லும். அதைப் பொது கிச்சனில் வறுக்கும் துணிச்சல் உங்களுக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.)

எடுத்து வர வேண்டியவை: வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, ரசப்பொடி, மிளகாய்த்தூள், பெருங்காயம், நிழலில் காயவைத்த கறிவேப்பிலைப் பொடி, அஞ்சறைப் பெட்டி, அப்புறம் ஒரு சின்ன ஸ்டீல் குக்கர். பொடிகளை ஒன்றுக்கு இரண்டாகக் கவரில் போட்டு ஒட்டுங்கள். குக்கருக்கு உபரியாக ஒரு கேஸ்கட் வாங்கி வையுங்கள், நம்ம ஊர்க் குக்கரின் கேஸ்கட்டை இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும்.

நெய்க்குக் கவலை வேண்டாம். ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்று எழுதிய டப்பா நம் நெய்க்குச் சொந்தக்காரன்தான், வாசனை மட்டும் கொஞ்சம் குறைவு. வாசனை வேண்டுமென்றால் 250 கிராம் உப்பில்லாத வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்குங்கள். சலசலப்பு அடங்கி, அடியில் படிவது பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டினால் நல்ல நெய்.

கேள்வி: மிக்ஸி கொண்டுவரலாமா?

இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் ஓடும். எர்த் உள்ள நல்ல அடாப்டர் மட்டும் வேண்டும். ஆனால் எடையையும், ஞாயிற்றுக்கிழமை காலை அது போடும் சத்தத்தையும் நினைத்துப் பாருங்கள். முதல் பருவத்துக்கு ஒரு சின்ன இடிகல் போதும்.

கேள்வி: எங்கள் ஹாஸ்டலில் கண்ணாடி அடுப்பு. எவ்வளவு வைத்தாலும் சூடாகவே நேரம் ஆகிறது, அப்புறம் திடீரென்று எல்லாம் தீய்ந்துவிடுகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரைப் பக்கத்து ஹாஸ்டல் அடுப்பு ஏற்றுக்கொள்ளவே இல்லை.

நீங்கள் சொல்வது இரண்டு வேறு அடுப்புகள். உங்களுடையது செரான் அடுப்பு. கண்ணாடிக்கு அடியில் கம்பி பழுத்துச் சூடு வருகிறது. ஏறவும் நேரமாகும், இறங்கவும் நேரமாகும். கேஸைக் குறைப்பது போல டயலைத் திருப்பினால் சூடு உடனே குறையாது. தாளிக்கும்போது பாத்திரத்தையே தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். சாதம் வேக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம், மிச்சச் சூட்டிலேயே முடிந்துவிடும். அடி தட்டையான பாத்திரம்தான் இதற்கு ஆகும், உருண்டை அடி வாணலி நடுவில் மட்டும் சுட்டுக்கொண்டு நிற்கும்.

பக்கத்து ஹாஸ்டலில் இருப்பது இண்டக்‌ஷன். அதற்குக் காந்தம் ஒட்டும் அடி வேண்டும். அலுமினியத்தில் ஒட்டாது, எல்லா ஸ்டீலிலும்கூட ஒட்டாது. ஊரில் வாங்கும்போதே ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப்போய் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரண்டு அடுப்புக்கும் சரி.

கேள்வி: குக்கர் இல்லை. துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லு மாதிரி இருக்கிறது. தினமும் சாம்பார் எப்படி வைப்பது?

துவரம்பருப்பை மறந்துவிடுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் ‘ரோட்ட லின்சன்’ என்று ஆரஞ்சு நிறப் பருப்பு இருக்கும். அதுதான் மசூர் பருப்பு, ஈழத்தமிழர்கள் மைசூர் பருப்பு என்பார்கள். ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும்.

உங்களுக்கு முதலில் நான் கற்றுக்கொடுக்க நினைப்பது சாம்பார் இல்லை, யாழ்ப்பாணத்துப் பருப்புக் கறி. ஒரு கப் பருப்பைக் கழுவி, மூன்று கப் தண்ணீர், நறுக்கிய பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், மஞ்சள் எல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவிடுங்கள். நுரை பொங்கும், மூடியைச் சாய்த்து வையுங்கள். வெந்ததும் 400 மில்லி தேங்காய்ப்பால் டின்னில் பாதியை ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்தால் இன்னும் நல்லது, தாளிக்காவிட்டாலும் குற்றமில்லை. சாதத்துக்கும் ஆகும், பிரெட்டுக்கும் ஆகும், இரண்டு பேருக்கு இரண்டு வேளை வரும்.

சாம்பார்தான் வேண்டுமென்றால் இதே பருப்பை வேகவைத்து, உறைந்த காய்கறிப் பாக்கெட்டில் ஒரு கைப்பிடி, சாம்பார் பொடி, கடைசியில் புளி. துவரம்பருப்பின் மணம் வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அது ஒரு பெரிய குறையாகத் தெரியாது.

உங்கள் பருப்பு வேகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஜெர்மனியில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இளகவிடாது. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்கள் ஊரும் அப்படித்தான். இரவே ஊறவைத்து, வேகும்போது ஒரு சிட்டிகை ‘நாட்ரோன்’ போடுங்கள், அது நம் சமையல் சோடா. பேக்கிங் பவுடரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான்.

கேள்வி: தாளித்தாலே தீ அலாரம் அடிக்கிறது. ஒரு பையன் அதன் மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டச் சொல்கிறான்.

மாட்டாதீர்கள். தீப்பிடித்தால் உயிர்ப் பிரச்சினை, பிடிக்காவிட்டால் ஒப்பந்தப் பிரச்சினை. சில விடுதிகளில் அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போகும், வீணாக வரவழைத்ததற்கு பில்லும் வரலாம்.

அலாரம் அடிப்பது பெரும்பாலும் எண்ணெய் புகைவதாலும் மிளகாய் கருகுவதாலும்தான். ஒன்பது வரை எண் உள்ள அடுப்பென்றால் ஆறுக்கு மேல் தாளிப்பு வேண்டாம். ஜன்னலைத் திறங்கள், கிச்சன் கதவைச் சாத்துங்கள். எண்ணெயில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்த்து, அது பொரிந்த பிறகு மீதியைப் போட்டு மூடுங்கள். சத்தம் அடங்கியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, வெளியே வைத்துத்தான் மிளகாயும் பெருங்காயமும். அந்தச் சூடே போதும். எண்ணெய் எப்போதாவது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

கேள்வி: தயிர் சாதத்துக்கு ஏங்குகிறேன். பாஸ்மதியில் செய்தால் உதிரி உதிரியாக, பாவமாக இருக்கிறது.

‘மில்ஷ்ரைஸ்’ வாங்குங்கள். பால் பாயசம் மாதிரி ஒன்று செய்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் குண்டு அரிசி. ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர் வைத்துச் சின்னத் தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் அப்படியே குழையும். 3.5 சதவீதக் கொழுப்புள்ள யோகர்ட், கொஞ்சம் பால், இஞ்சி, கடுகு, முடிந்தது. ‘மில்ட்’ என்று போட்டிருக்கும் யோகர்ட் புளிப்பு குறைந்தது, மறுநாள் டப்பாவுக்கு அதுதான் சரி. இதே அரிசியில் பாசிப்பருப்பைச் சேர்த்தால் வெண்பொங்கலும் வரும், ஊர்க்காரர்களே கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: ராத்திரி வடித்த சாதத்தை மூடி மேசையிலேயே வைத்துவிட்டுக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடலாமா? வீட்டில் அப்படித்தானே.

வேண்டாம். அரிசியில் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், அவை வெந்தாலும் சாகாது. சாதம் அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஹீட்டர் போட்ட கிச்சன் அதற்கு நல்ல வசதி. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: உப்புமா பசை மாதிரி வருகிறது.

நீங்கள் வாங்கியது ‘வைஷ்வைட்சன்கிரீஸ்’, நைசான ரவை. ‘ஹார்ட்வைட்சன்கிரீஸ்’ என்று பார்த்து வாங்கி வறுத்துச் செய்யுங்கள். அதைவிட எளிது கூஸ்கூஸ். தாளித்து, வெங்காயம் வதக்கி, கூஸ்கூஸ் போட்டு, அதே அளவு கொதிநீர் உப்புடன் ஊற்றி மூடி ஐந்து நிமிடம். கட்டி தட்டவே தட்டாது. உப்புமா பிடிக்காதவர்களுக்கும் இது பிடித்துவிடுகிறது, ஏனென்று கேட்காதீர்கள்.

கேள்வி: இட்லி மாவு டிசம்பரில் பொங்கவே மாட்டேன் என்கிறது.

மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போடுங்கள், சூடு போடாதீர்கள். பல்பின் வெப்பமே மாவுக்குப் போதும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் பொது கிச்சன் என்றால் ‘உள்ளே மாவு இருக்கிறது’ என்று கதவில் சீட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது பீட்சாவுக்காக 220 டிகிரி வைத்துவிடுவார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

மஞ்சள் நிற ‘வி’ முத்திரை இருந்தால் அதில் சைவமா வீகனா என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் பொருள் பட்டியலில் ‘ஜெலட்டீனெ’, ‘ஷ்மால்ட்ஸ்’, ‘ஷ்பெக்’ மூன்றையும் தேடுங்கள். முதலாவது ஜெல்லி மிட்டாயிலும் சில இனிப்பு வகைகளிலும் வரும். இரண்டாவது தனியாக நின்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு, முன்னால் ‘புட்டர்’ சேர்ந்தால்தான் நெய். மூன்றாவது பன்றிக்கறி. சீஸில் ‘லாப்’ என்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதாக இருக்கலாம், ‘மிக்ரோபியெல்’ என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது இல்லை.

கேள்வி: ரூம்மேட் மசாலா வாசனை என்று மூஞ்சியைச் சுளிக்கிறான். சமைப்பதையே விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம். பெருங்காயத்தை டப்பாவுக்குள் டப்பாவாக வையுங்கள். ஜாக்கெட்டை கிச்சனில் தொங்கவிடாதீர்கள். சமைத்த உடனே அடுப்பைத் துடையுங்கள், ஏனென்றால் மறுநாள் வரை நிற்கும் வாசனை பெரும்பாலும் தெறித்த எண்ணெயிலிருந்துதான். அவனுக்கும் ஒரு கிண்ணம் பருப்புக் கறி கொடுத்துப் பாருங்கள். அதற்கு அப்புறமும் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும், வாடகை நீங்களும்தான் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: வார நாளில் நேரமே இல்லை. ஞாயிறு ஒருநாள் சமைத்து வைக்க என்ன வழி?

சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை கிடையாது, பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிர. ஒரு கிலோ வெங்காயம், அரை கிலோ தக்காளிக் கூழ்ப் பாக்கெட் இரண்டு, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் தாராளமாக விட்டு, பிரியும் வரை சுருள வதக்கித் தொக்காக்கி, சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் வையுங்கள். ஒரு டப்பா எடுத்து அவித்த முட்டை போட்டால் முட்டைக் குழம்பு, டின் கொண்டைக்கடலை போட்டால் சன்னா, கோழி போட்டால் கோழிக் குழம்பு.

டின் ராஜ்மாவும் போடலாம், அது ஏற்கெனவே வெந்தது. காய்ந்த ராஜ்மா என்றால் கவனம்: இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும், அப்புறம் மெதுவாக வேகலாம். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் உள்ள லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஸ்லோ குக்கரில் நேராகப் போடுவது ஆபத்து.

கேள்வி: பரீட்சை வாரம். பத்து நிமிடத்துக்குள் ஏதாவது சொல்லுங்கள், நூடுல்ஸ் தவிர.

சுண்டல். கொண்டைக்கடலை டின்னைத் திறந்து, தண்ணீரை வடித்துக் கழுவுங்கள். எண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம், உங்கள் கறிவேப்பிலைப் பொடி. கடலையைக் கொட்டி இரண்டு நிமிடம் பிரட்டி, தேங்காய்த் துருவல் இரண்டு ஸ்பூன் தூவி எலுமிச்சை பிழியுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், டின்னிலேயே கொஞ்சம் இருக்கும். உலர்ந்த தேங்காய்த் துருவல் கேக் சாமான் இருக்கும் வரிசையில் ‘கோகோஸ்ராஸ்பல்’ என்ற பெயரில் இருக்கும், மசாலா வரிசையில் தேடாதீர்கள்.