பழைய டபிள் பேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்கிவிட்டால் எங்கள் சர்ச் கொயரில் பேஸ் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். பேஸ் கிட்டாரை வைத்துவிட்டு டபிள் பேஸை, அதாவது ஆளுயர வயலின் போன்ற மரப் பேஸை, நிறுத்தி வாசிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது, ஆகவே பழையதைத் தேடுகிறார்கள். முப்பது வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்பதால் குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து கேள்வி எழுதிய துண்டுச் சீட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன.

தக்கலை: அண்ணாச்சி, ஒரு பேஸ் விலைக்கு வருகிறது. முக்கால் சைஸ் என்கிறார்கள். பிள்ளைகள் வாசிப்பதா? ஃபுல் சைஸ் வரும்வரை காத்திருக்கட்டுமா?

காத்திருக்க வேண்டாம். வயலினில் முக்கால் என்றால் சிறுவர்களுக்கானது. பேஸில் முக்கால்தான் பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவு. ஃபுல் சைஸை இசைக்குழுக்களில்கூட அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். பெயரை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். கழுத்தின் மேல் முனையில் கம்பி உட்காரும் நட்டிலிருந்து, கீழே கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை 104 முதல் 106 செ.மீ. இருந்தால் சரி.

குளச்சல்: பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? எனக்கு வாசிக்கத்தான் தெரியும், மரம் தெரியாது.

ஒரு டார்ச், ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேல், ஒரு சின்னக் கண்ணாடி. இவை போதும். வார்னிஷைப் பார்க்காதீர்கள். விற்பவர் உங்களுக்குக் காட்ட நினைப்பது அதைத்தான்.

முதலில் கழுத்து. நாலு கம்பியும் சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கும் பாரம் 100 கிலோவைத் தாண்டும். அதனால் கம்பி தளர்ந்து கிடக்கும் பேஸை மதிப்பிடவே முடியாது. சுருதி கூட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள், அப்புறம் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் டார்ச் அடியுங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். கழுத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளும்போது அந்தக் கோடு அசைந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என் முதல் பேஸ் அப்படி வந்ததுதான். வாரத்துக்கு வாரம் கம்பி உயர்ந்தது. மழைக்காலத்து ஈரம் என்று நினைத்து நான் பிரிட்ஜைச் சீவிக்கொண்டே இருந்தேன். கேரல் போன ஓர் இரவு, ஒரு வீட்டு முற்றத்தில், இரண்டாவது பாட்டு நடுவில் ‘டொப்’ என்று கழுத்து கழன்று என் தோளில் சாய்ந்தது. உள்ளே பார்த்தால் யாரோ வெள்ளைப் பசை ஊற்றி, இரண்டு ஆணியும் அடித்து, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். அந்த வீட்டம்மா கட்டன் சாயா கொடுத்துத் தேற்றினார்கள். பணம் போனது போனதுதான்.

அடுத்தது முன்பலகை வெடிப்பு. பிரிட்ஜுக்கு இரண்டு கால். மெல்லிய கம்பி பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் உள்ளே சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி நிற்கிறது. தடித்த கம்பி பக்கத்துக் காலுக்கு அடியில் பேஸ் பார் என்ற நீளமான சட்டம் ஒட்டியிருக்கிறது. பாரமெல்லாம் இந்த இரண்டு இடத்தில்தான் இறங்குகிறது. இங்கே வெடிப்பு இருந்தால் பலகையைக் கழற்றித்தான் வேலை பார்க்க வேண்டும், செலவு பேஸின் விலையைத் தொட்டுவிடும். ஓரத்தில் பலகை விலகி நிற்பது வேறு விஷயம். விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள், பிரிந்த இடத்தில் சத்தம் மாறும். அதற்காக விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டாம்.

ஸ்கேலை, கம்பியை விரலால் அழுத்தும் ஃபிங்கர் போர்டின் மேல் நீளவாக்கில் நிறுத்துங்கள். நடுவில் மெல்லிய குழிவு இருக்க வேண்டும். மேடு இருந்தால் எந்தச் சரிசெய்தலுக்கும் இரைச்சல் அடங்காது. கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய வெளிர்மரமா என்று போர்டின் அடிப்புறத்தில் பார்த்தால் தெரியும்.

கண்ணாடியை எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே காட்டி, அடியில் மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பத்து வருஷம் மூலையில் கிடந்த எதிலும் உளுப் பூச்சி இருக்கலாம். புதிய மாவு வெளிறி இருக்கும். இருந்தால் அந்தப் பேஸ் உங்கள் வீட்டு அலமாரிக்கும் விருந்தாளிகளைக் கூட்டி வரும்.

மார்த்தாண்டம்: பிளைவுட்டில் செய்தது என்றால் மட்டம்தானே சார்?

சென்னையில் திரைப்பாட்டுப் பதிவுக்கு வில் போட்டு வாசிக்கிறவர் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். முழு மரத்தில் குடைந்த பலகைக்கு உள்ள இனிமை பிளையில் வராது. ஆனால் நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவே வெயில், மேற்கே உப்புக் காற்று. முழு மரம் ஊதும், சுருங்கும், வெடிக்கும். பிளையில் மரத்தட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அத்தனை அசையாது. மைக்கில் வாசித்தால், ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து சீக்கிரம் கூவவும் கூவாது. கொயருக்கும் கல்யாண மேடைக்கும் நான் பிளைதான் சொல்வேன். மிச்சமாகும் பணத்தைத் தொடாமல் செட்டப்புக்கு, அதாவது பிரிட்ஜ், கம்பி எல்லாம் சரிசெய்யும் வேலைக்கு, வையுங்கள். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போகும். அதை ஒதுக்க முடியாதவர் இன்னும் மலிவான பேஸைப் பார்க்கட்டும்.

ஆரல்வாய்மொழி: காற்று மாதங்களில் கம்பி போர்டில் பட்டு இரைகிறது. ஐப்பசியில் கம்பி எட்டாத உயரத்துக்குப் போகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கணவாய்க் காற்றில் முன்பலகை காய்ந்து தாழ்கிறது, பிரிட்ஜும் அதோடு இறங்குகிறது. மழை வந்தால் பலகை ஊதி எழுகிறது. பிரிட்ஜின் இரண்டு காலிலும் திருகிச் சக்கரம் போடச் சொல்லுங்கள். கையால் திருகி ஏற்றி இறக்கலாம். திருகும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் இந்தச் சக்கரம் இல்லாத பேஸை நான் அரைப் பேஸ் என்றுதான் சொல்வேன்.

கோட்டாறு: எங்கள் தெருவில் நல்ல ஆசாரி இருக்கிறார். அவரிடமே கொடுக்கலாமா?

பிரிட்ஜ் வேலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கூடவே உட்கார்ந்திருந்தால். முன்பலகையின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் பிரிட்ஜ் காலைத் தேய்க்கச் சொல்லுங்கள். பலகையின் வளைவு காலில் அப்படியே விழும். தபால் கார்டு நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. கையால் மீட்டுவதற்குப் போர்டின் கீழ் முனையில் மெல்லிய ஜி கம்பி 5 அல்லது 6 மி.மீ., தடித்த ஈ கம்பி 8 அல்லது 9 மி.மீ. உயரம். வில் போட்டு வாசிப்பீர்கள் என்றால் ஒவ்வொன்றிலும் இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. கூட்டுங்கள்.

பசை விஷயத்தில் மட்டும் ஆசாரியோடு சண்டை போடத் தயாராக இருங்கள். அவருக்குப் பெருமை, ஒட்டினால் பிரியக்கூடாது என்பது. பேஸுக்கு வேண்டியது பிரியக்கூடிய ஒட்டு. விலங்குத் தோலில் காய்ச்சும் பசையான தோல் வச்சிரம் வெந்நீரில் இளகும். மரம் சுருங்கும்போது ஓரம் விட்டுக்கொடுக்கும். அங்கே வெள்ளைப் பசை போட்டால் ஓரத்துக்குப் பதில் பலகை நடுவில் வெடிக்கும்.

இரணியல்: உள்ளே ஏதோ உருளுகிறது, சத்தமும் செத்துவிட்டது.

சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. இப்போதே நாலு கம்பியையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பலகை உள்வாங்கும். இனிமேல் கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள் தம்பி.

கருங்கல்: பேஸ் கம்பி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பேஸ் கிட்டார் கம்பி போடலாமா?

எட்டாது. பேஸ் கிட்டாரின் கம்பி நீளம் 86 செ.மீ.தான். நல்ல ஸ்டீல் கம்பி பல வருஷம் உழைக்கும். யாராவது கழற்றி வைத்த பழைய செட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாகர்கோவில்: பிரிட்ஜில் பீசோ பிக்கப் ஒட்டி நேரே மிக்சரில் கொடுத்தேன். தகர டப்பா மாதிரி கேட்கிறது. சத்தம் கூட்டினால் கூவுகிறது. பிக்கப்பை மாற்றவா?

பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் செருகிய ஓட்டையைப் பாருங்கள். பீசோ என்பது அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப், மிகப் பலவீனமான சிக்னல் தருவது. மிக்சரின் லைன் வாயில் உள்ள தடை பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அத்தனை குறைந்த தடையில் பீசோவைக் கொடுத்தால் முதலில் வடிந்து போவது அடிச்சத்தம். மிஞ்சுவது நீங்கள் சொன்ன தகரம். பீசோவுக்குக் குறைந்தது பத்து லட்சம் ஓம் வேண்டும், அதாவது ஒரு மெகா ஓம். பத்து மெகா என்றால் இன்னும் நல்லது. அதற்குத்தான் நடுவில் ப்ரீ ஆம்ப் என்ற சின்னப் பெட்டி. அதையும் பேஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மேடையின் அந்தக் கோடி வரை பத்து மீட்டர் ஒயர் இழுத்து அங்கே ப்ரீ ஆம்ப் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒயர் நீள நீளச் சிக்னல் மெலியும், ஜெனரேட்டர் இரைச்சலும் ஏறும்.

கூவுவதற்கு வருவோம். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இசை ஏதும் இல்லை, மேடை அதிர்வும் காலடிச் சத்தமும்தான். ஆகவே ப்ரீ ஆம்பில், அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் பொத்தானை 30, 35-இல் வையுங்கள். அநேக மிக்சர்களில் அது 80 அல்லது 100-இல் நிலையாக இருக்கும். அதை அமுக்கினால் பேஸே போய்விடும். பிறகு 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் எந்தச் சுரத்தில் கூவுகிறது என்று தேடி அதை மட்டும் குறையுங்கள். ப்ரீ ஆம்பில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் மாற்றிப் பாருங்கள், பாதித் தொல்லை சில சமயம் அதிலேயே தீரும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதீர்கள். எஃப் துளைகளில் பஞ்சு மெத்தைத் துண்டைச் செருகலாம், பார்க்கத்தான் அசிங்கம்.

மைக் வைத்தால் இதைவிட அழகாகக் கேட்கும், உண்மை. கோவிலுக்குள் அமைதியான ஆராதனைக்கு மைக். கோட்டாறு சவேரியார் திருவிழா மாதிரி வெளி மேடை, பின்னால் டிரம்ஸ் என்றால் பீசோதான் பிழைக்கும்.

குலசேகரம்: மகள் எட்டாம் வகுப்பு. வில் போட்டு வாசிக்க வேண்டுமாம். பிரெஞ்சு வில்லா, ஜெர்மன் வில்லா?

அக்கா, சொல்லித் தருகிறவர் எதைப் பிடிக்கிறாரோ அதை வாங்குங்கள். பிரெஞ்சு வில்லை மேலிருந்து பிடிப்பது, ஜெர்மனை ரம்பம் பிடிப்பது போலப் பக்கத்திலிருந்து. பிள்ளைக்கு அரை சைஸ் பேஸ் போதும். வில்லில் தேய்க்கும் பிசினுக்கு ரோசின் என்று பெயர்; பேஸ் ரோசின் வயலின் ரோசினைவிட மென்மையானது, வெயிலில் வண்டிக்குள் விட்டால் கூழாகிவிடும்.

தக்கலை, மறுபடியும்: அண்ணாச்சி, விற்பவர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார். பஸ்ஸில் கொண்டுவந்து உங்களிடம் காட்டலாமா?

பஸ் வேண்டாம். வேனில் கொண்டுவந்தாலும் பிரிட்ஜ் மேல் நோக்கும்படி படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அதைவிட, ஞாயிறு ஆராதனை முடிந்து நானே வருகிறேன். அவரிடம் சனிக்கிழமையே சுருதி கூட்டி வைக்கச் சொல்லிவிடுங்கள். தளர்த்தி வைத்திருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடுவேன்.