குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் ஆய்வாளர்களும் களத்தில் இருப்பவர்களும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு நிஜமாகவே பயன்படுமா?

பயன்படும். எதை ஆராய்வது என்ற கேள்வியை முடிவு செய்யும்போதே பிள்ளைகளும் களப்பணியாளர்களும் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மும்பையிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான 1098 தொலைபேசி உதவி எண், 1996இல் டாடா சமூக அறிவியல் கழகத்தின் களத் திட்டமாக ஜெரூ பிலிமோரியா தொடங்கியது. 'தஸ், நௌ, ஆட்' (இந்தியில் பத்து, ஒன்பது, எட்டு) என்று அதற்குப் பேர் வைத்தது தெருவில் வாழ்ந்த பிள்ளைகள். பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கும் அது மறக்காது.

நான் தாராவியில் வேலை பார்க்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு கல்லூரிக் குழு எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வந்தது. இளைஞர் நீதிச் சட்டப்படி (2015) மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் (பிள்ளையின் பராமரிப்பை முடிவு செய்யும் அமைப்பு) கொண்டுபோக வேண்டும். பிள்ளையின் குடும்பம், சூழ்நிலை பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். அறிக்கை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த கேள்வி.

குழந்தைகள் இல்லத்திலிருந்து வீடு திரும்பிய ஒரு சிறுமியையும் கூப்பிட்டிருந்தோம். (அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.) மீட்கப்பட்டபோது அவள் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"நடந்ததை எத்தனை பேர்ட்ட சொன்னேன் தெரியுமாக்கா?" என்று விரலை மடக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அத்தை, போலீஸ்கார அம்மா, டாக்டர், இல்லத்து மேடம். ஐந்தாவது விரல் நான். அடுத்த கைக்கும் போனாள். பாதிப் பேர் இந்தியில் கேட்டிருக்கிறார்கள். அவள் ஃபைலில் 'பேச மறுக்கிறாள்' என்று மராத்தியில் ஒரு வரி கிடந்தது. தமிழில் கேட்டிருந்தால் பேசியிருப்பாள். மொழிபெயர்ப்பாளர் வைக்க, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலேயே (2012) இடம் இருக்கிறது.

அன்றைக்கே ஆய்வின் கேள்வி மாறியது: ஒரு பிள்ளை ஒரே கதையை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது? ஃபைல்களை மறுபடி பிரித்து அதை மட்டும் தேடினோம்.

நீங்கள் ஆய்வு தொடங்குவதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடந்த சம்பவத்தை மறுபடி கிளறாதீர்கள். அதற்குப் பிறகு நாமெல்லாம் அந்தப் பிள்ளையை எப்படி நடத்தினோம் என்று கேளுங்கள். பெற்றவர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கல்லூரிக் குழு போய் வெகு நாளாகிவிட்டது. எங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் 'இதுவரை யார் யாரிடம் சொன்னாள், எந்த மொழியில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் பிள்ளையோடு உட்காருகிறோம்.