திருநெல்வேலிக்கு ஒரு பெரிய போட்டி வருமா?

விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: அண்ணாச்சி, 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டு அணிகளுக்கான போட்டி மதுரை வரை வந்துவிட்டது. அடுத்தது திருநெல்வேலிதான் என்று நான் சொன்னால், என் நண்பர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். “சின்ன ஊர், பெரிய ஹோட்டல் கிடையாது, நடக்காது” என்கிறார். நம் ஊரில் ஒரு பெரிய சாம்பியன்ஷிப்பை நடத்தவே முடியாதா?
(ஒரு வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: முடியும் தம்பி. உலகக் கோப்பையை நாளைக்கே கேட்க முடியாது. தேசிய சாம்பியன்ஷிப்பைக் கேட்கலாம், கேட்க வேண்டும். எந்த விளையாட்டைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

உங்கள் நண்பர் ஊரின் அளவை மட்டும் பார்க்கிறார். ஒடிசாவில் உள்ள ரூர்கேலாவை அவருக்குச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து அங்கே ஐந்தரை லட்சம் பேர். நம் மாநகராட்சியில் மட்டும் நாலே முக்கால் லட்சம் பேர். பெரிய வித்தியாசம் இல்லை. 2023 ஜனவரியில் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கியைப் புவனேஸ்வருடன் பகிர்ந்து நடத்தியது அந்த ரூர்கேலாதான். 20,000 பேருக்கு மேல் அமரக்கூடிய பிர்சா முண்டா அரங்கத்தைக் கட்டினார்கள். ஹோட்டல் போதாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் வீரர்கள் தங்குவதற்கென்றே அரங்க வளாகத்தில் 225 அறைகள் கட்டினார்கள்.

அங்கே போட்டி போனதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ரூர்கேலா இருக்கும் சுந்தர்கட் மாவட்டம் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடும் மண். இந்திய அணியின் கேப்டனாக இருந்த திலீப் டிர்க்கி அந்த மாவட்டத்துச் சௌனாமாரா கிராமத்தில் பிறந்தவர். அமித் ரோஹிதாஸும் அதே கிராமம். ரூர்கேலாவில் இந்தியா ஆடிய முதல் ஆட்டத்தில், ஸ்பெயினுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் அந்த ரோஹிதாஸ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அரங்கம் எழும்புவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கே பையன்கள் மட்டை பிடித்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்றால், கோவில்பட்டி இருக்கிறது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை அது திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். மாவட்ட எல்லையை வைத்துக் கோவில்பட்டியை அடுத்த வீடாக நினைக்க எனக்கு மனம் வராது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆடவர் ஹாக்கி சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. நாடு முழுவதிலும் இருந்து அணிகள் வந்தன, உத்தரப் பிரதேசம் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் இருந்தார்கள். உங்கள் நண்பர் நடக்காது என்கிற காரியம், அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

அந்தப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனோடு உட்கார்ந்திருந்தார். பெனால்டி கார்னர் கிடைத்தது. ஓரத்திலிருந்து ஒருவர் தள்ளிவிடும் பந்தை இன்னொருவர் நிறுத்த, மூன்றாமவர் கோலுக்கு அடிப்பார். பையன் அடிக்கப் போகிறவரையே பார்த்தான். “அவனைப் பார்க்காதே, பந்தை நிறுத்துகிறவனைப் பார். அவன் சரியாக நிறுத்தினால் பாதி கோல்” என்றார் பெரியவர். ஆட்டத்தை இப்படிப் பார்க்கத் தெரிந்த கூட்டம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்குப் போட்டியைக் கேட்கும் உரிமை உண்டு.

இனி உங்கள் நண்பரின் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். கூட்டத்தைச் சமாளிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரத்துக்குப் பன்னிரண்டு நாளும் படித்துறைகள் நிறைந்திருந்தன. ஆனால் பக்தர் கடற்கரை மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட வேண்டிய பிள்ளையை அப்படிப் படுக்க வைக்க முடியாது. ஓர் அணிக்கு வீரர்களும் பயிற்சியாளரும் மேலாளருமாக 20 பேர் என்று வையுங்கள். 28 அணிகள் என்றால் 560 பேர். நடுவர்கள், மருத்துவக் குழு, தொழில்நுட்ப அலுவலர்கள் தனி. அத்தனை பேருக்கும் கட்டில், கொசுவலை, சுத்தமான கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும்.

பள்ளி அணியை அழைத்துக்கொண்டு மாநிலப் போட்டிகளுக்குப் போன காலத்தில், வெளியூர் ஒன்றில் எங்களை ஒரு பள்ளி வகுப்பறையில் தங்க வைத்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் படுத்தோம். பல அணிகளுக்குச் சேர்த்துக் கழிப்பறைகள் மிகக் குறைவு. பையன்கள் விடியுமுன்னே எழுந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆட்டத்திலேயே கால் எழும்பாமல் தோற்றோம். பையன்கள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதனால்தான் ஓர் ஊர் போட்டி நடத்தத் தயார் என்று சொன்னால், நான் முதலில் மைதானத்தைப் பார்ப்பதில்லை. தங்குமிடத்தின் கழிப்பறையைத்தான் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டை கல்லூரிகள் நிறைந்த ஊர். அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 560 பேருக்கு இடம் உண்டு. ஆனால் எந்த மாதத்தில்? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைக்கவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்ததையும் நாம் மறக்க முடியுமா? ஜனவரி, பிப்ரவரி ஆட்டத்துக்கு அருமையான காலம், ஆனால் விடுதிகளில் மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். மே மாதம் விடுதி காலி, வெயில் பிள்ளைகளை வாட்டிவிடும். ஜூன் பிறந்தால் மேல்காற்று. குற்றாலச் சீசன் என்பதால் தென்காசிப் பக்கத்து அறைகளும் கிடைக்காது.

என் தீர்ப்பு இது. அணிகள் அதிகமுள்ள போட்டியை மே மாதத்தில் வைக்கலாம், ஆனால் காலை ஒன்பதுக்குள் ஓர் ஆட்டச் சுற்று, பிறகு விளக்கொளியில் மாலைச் சுற்று. நடுப்பகலில் பந்து உருளக் கூடாது. பன்னிரண்டு அணிகளுக்குள் முடியும் போட்டி என்றால் பிப்ரவரி. அதற்கு நகரத்து ஹோட்டல்களே போதும்.

எல்லாவற்றையும் ஒரே ஊரில் குவிக்கவும் வேண்டாம். நார்வேயில் லில்லிஹாமர் என்ற ஊரில் மக்கள்தொகை இருபதாயிரத்துச் சொச்சம்தான். 1994-இல் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தது. எல்லாம் அந்த ஊருக்குள் நடக்கவில்லை. சறுக்குப் போட்டிகளில் சில சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹாமரில் நடந்தன. பனி ஹாக்கி ஆட்டங்களில் சிலவற்றைப் பக்கத்து யோவிக்கில் மலையைக் குடைந்து அமைத்த அரங்கத்தில் ஆடினார்கள். திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான், நடுவே நான்குவழிச் சாலை. ஆட்டம் கோவில்பட்டியில், தங்குமிடத்தில் ஒரு பகுதி இங்கே, மருத்துவத்துக்கு ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பிரித்துக்கொண்டால் ஒரு சிறிய ஊரின் தோளில் எல்லாப் பாரமும் விழாது. வந்து சேர்வதில் பெரிய கஷ்டம் இல்லை. 2023 முதல் சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது, 2025-இல் தூத்துக்குடி வாகைக்குளத்தில் புதிய விமான முனையமும் திறந்தாயிற்று.

தண்ணீரை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஹாக்கியின் செயற்கைப் புல்தரையை ஆட்டத்துக்கு முன் நனைக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். கோவில்பட்டி குடிப்பதே சீவலப்பேரியிலிருந்து குழாயில் போகும் தாமிரபரணித் தண்ணீர். கோடையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும்போது மைதானத்தில் தண்ணீர் பீய்ச்சினால் அந்தப் போட்டியை ஊர் விரும்பாது. மைதானத்துக்கெனத் தனி மழைநீர்த் தொட்டியும் மறுசுழற்சியும் இருக்கின்றன என்று காட்டிவிட்டுப் பிறகு போட்டியைக் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் கபடிதான் உயிர். தேசியக் கபடிப் போட்டியை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவருவது ஹாக்கியைவிட எளிதுதானே சார்?
(ஒரு வாசகி, வள்ளியூர்)

பதில்: எளிதுதான் அம்மா. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். மேட் விரிக்க ஒரு நல்ல உள்ளரங்கம் இருந்தால் போதும், தண்ணீரும் வேண்டாம், புல்தரையும் வேண்டாம். தகுதிக்கும் குறைவில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் நம் தாமிரபரணிக் கரைப் பக்கத்துப் பிள்ளை.

ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூரியாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கவிருந்த மாலையில், மரத்தால் கட்டிய தற்காலிகக் கேலரி சரிந்தது. நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். சூரியாபேட்டையும் நம்மைப் போன்ற ஊர்தான், நம்மைப் போலவே கபடி மேல் உயிரை வைத்திருக்கும் மக்கள்தான். நம் ஊர்த் திருவிழாக் கபடியிலும் சவுக்குக் கம்பைக் கயிற்றில் கட்டிக் கேலரி போடுகிறோம். இளவட்டங்கள் அதன் உச்சியில் ஏறி நின்று ஆடுகிறார்கள். தேசியப் போட்டி என்றால் வழக்கத்தைவிடப் பலமடங்கு கூட்டம் வரும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் எடை தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடாத கேலரியில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. கையெழுத்துக்குப் பிறகும், எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை டிக்கெட் மட்டுமே கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வந்து “நம்ம பையன்கள் நாலு பேரை விடுங்க” என்பார்கள். அந்த நேரத்தில் மறுக்கத் துணிந்தவரைத்தான் வாசலில் நிறுத்த வேண்டும். இடமில்லாதவர்களுக்கு வெளியே பெரிய திரை வைத்துவிடுங்கள். அது கேலரியைவிடச் செலவு குறைவு.

கேள்வி: 20,000 பேர் அமரும் அரங்கம் ஒன்றைக் கட்டிவிட்டால் போட்டிகள் தானாக வராதா?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: வராது. போர்ச்சுகல் நாடு 2004 யூரோ கால்பந்துக்காக லெய்ரியா என்ற சிறு நகரிலும் பெரிய அரங்கம் கட்டியது. போட்டி முடிந்ததும் அதை நிரப்ப ஆளில்லை, பராமரிப்புச் செலவு நகராட்சியை அழுத்தியது. 2011-இல் விற்க முயன்றார்கள், வாங்குவார் இல்லை. நமக்கு அந்த நிலை வர வேண்டாம்.

சங்கர் நகரில் இருக்கும் கிரிக்கெட் மைதானத்தைப் பாருங்கள். பெரிய அரங்கம் இல்லை, கேலரியும் சிறியது. ஆனாலும் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன, புச்சிபாபு கோப்பைக்கு வெளிமாநில அணிகளும் வந்து ஆடியிருக்கின்றன. பிட்ச் நன்றாக இருந்தது, பராமரிக்க ஆள் இருந்தது, அதனால் வந்தார்கள். அரசிடம் பணம் இருந்தால் ஒரு பெரிய அரங்கத்துக்குப் பதிலாகத் தென்காசிக்கு ஒன்று, அம்பாசமுத்திரத்துக்கு ஒன்று, நாங்குநேரிக்கு ஒன்று என்று சிறு புல்தரைகள் போடச் சொல்லிக் கேளுங்கள். சுந்தர்கட் மாவட்டத்தில் 17 ஒன்றியங்களுக்கும் ஒவ்வொரு புல்தரை என்றுதான் திட்டமிட்டார்கள். பெரிய போட்டி வரும் நாளில் அவை பயிற்சி மைதானங்களாகும். பயிற்சி மைதானம் இல்லாத ஊருக்கு எந்தச் சம்மேளனமும் போட்டியைத் தருவதில்லை.

கேள்வி: நான் விளையாட்டு வீராங்கனை இல்லை. இப்படி ஒரு போட்டி வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு அதில் வேலை இருக்கிறதா அண்ணாச்சி?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: நிறைய இருக்கிறது அம்மா, அதற்குத்தான் நம்மிடம் ஆள் பஞ்சம். ஆட்டத்தின் நேரத்தைக் குறிப்பவர், கோலையும் அட்டைகளையும் பதிவு செய்பவர், மேசை அலுவலர், நடுவர் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் களத்துக்கு வெளியே பலர் தேவை. இவர்களை வெளியூரிலிருந்து வரவழைத்தால் அவர்களுக்கும் கட்டில் தேட வேண்டும். உள்ளூரிலேயே இருந்தால் செலவும் மிச்சம், ஊருக்கும் பெருமை. பெண் நடுவர்களின் தேவை இன்னும் அதிகம்.

இப்போதே தொடங்குங்கள். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்புத்தகம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டு, கையில் ஒரு நோட்டோடு உங்கள் கல்லூரி அணியின் மாலைப் பயிற்சிக்குப் போய் உட்காருங்கள். நடுவர் விசில் ஊதும் ஒவ்வொரு முறையும் எதற்காக ஊதினார் என்று எழுதுங்கள். புரியாததை ஆட்டம் முடிந்ததும் அவரிடமே கேளுங்கள், நல்ல நடுவர்கள் சொல்லித் தருவார்கள். பிறகு மாவட்டச் சங்கத்தில் நடுவர் பயிற்சி முகாம் எப்போது என்று விசாரித்துப் பெயர் கொடுங்கள். விசில் வாங்கும்போது மட்டும் உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பார்த்து வாங்குங்கள், நனைந்தாலும் அது அடைத்துக்கொள்ளாது.