மூச்சை அடக்குனா பல்ஸ் 54க்கு இறங்குது, பயப்படணுமா?

ப்ரோ, கும்பகம் (பிராணாயாமத்துல மூச்சை அடக்கி வைக்கிறது) பண்றப்ப வாட்ச்ல பல்ஸ் முதல்ல 90க்கு ஏறி அப்புறம் 54க்கு இறங்குதுன்னு சொல்லிருந்தீங்கல்ல, பெரும்பாலும் அது இயல்பான விஷயந்தான். நெஞ்சு முட்ட காத்தை இழுத்துப் புடிச்சா உள்ள அழுத்தம் கூடும், இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட துடிப்பு ஏறும், கொஞ்ச நேரத்துல துடிப்பை மெதுவாக்குற வேகஸ் நரம்பு பிரேக் போட்டுரும், ஆக்சிஜனை மிச்சம் பிடிக்க கை கால் ரத்தக்குழாயும் சுருங்கிக்கும். சீலும் திமிங்கலமும் முங்குறப்ப நடக்குற அதே சங்கதி, நமக்கு கம்மி டோஸ். மூஞ்சியை ஜில் தண்ணில வச்சா இன்னும் நல்லாவே இறங்கும். கை ரத்தக்குழாய் சுருங்குறதால வாட்சே சில சமயம் உளறும், மணிக்கட்டுல விரல் வச்சு நீங்களே எண்ணிப் பாருங்க.

எனக்கு உதறல் குடுத்தது வேற. அடக்குறதுக்கு முன்னாடி 30 தடவை வேக வேகமா மூச்சு விடுறேன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுல ஆக்சிஜன் பெருசா ஏறாது, கார்பன் டை ஆக்சைடுதான் காலியாகும், மூச்சு விடுன்னு நம்மள உந்துறதே அதானே, அந்த அலாரம் அடிக்கறதுக்குள்ள மயக்கம் வந்துரலாம். மெத்தையில படுத்திருந்தா பரவால்ல, நீச்சல் குளத்துல, கெணத்துல, பாத்டப்ல ஒருநாளும் வேணாம், தனியா சுத்தமா வேணாம்.

அப்புறம் துடிப்பு விட்டு விட்டு வர்ற மாதிரி இருக்குன்னீங்களே, அதுக்கு ஒரு ஈசிஜி எடுத்து டாக்டர்ட்ட காட்டிருங்க, அதுவரைக்கும் இதை நிறுத்தி வைங்க.