ஆறரை மணி பஸ்ஸும் 2047-ம்

அன்புள்ள சார்,

நான் திருவாரூர் மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப்பள்ளியில தமிழ் டீச்சர். பேர் போட வேண்டாம். "2047-ல் என் இந்தியா"ன்னு ஒரு கட்டுரைப் போட்டிக்கு எங்க பத்தாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி எழுதினா. அவ ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 5.10-க்கு, ஸ்பெஷல் கிளாஸ் முடியறது 6 மணிக்கு, அதனால அந்த ஊர் பொண்ணுங்க யாரும் ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கறதே இல்ல, 2047-ல ஆறரை மணிக்கு ஒரு பஸ் இருக்கணும், அதுல என் பொண்ணு படிச்சிட்டு வீட்டுக்கு வரணும்னு எழுதியிருந்தா. "தலைப்பை விட்டு விலகல்"னு நடுவர் குறிச்சிட்டாங்க. பரிசு வாங்குன கட்டுரை எல்லாம் "வல்லரசு"ன்னு ஆரம்பிச்சு "வல்லரசு"ன்னு முடிஞ்சிச்சு, ரெண்டு மூணு ஃபோன்ல சாட்ஜிபிடி எழுதிக் குடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது. இப்ப அவ வந்து, "டீச்சர், அடுத்த தடவை நீங்களே எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிடறேன்"ங்கறா. நான் என்ன செய்ய?

அன்புள்ள டீச்சர்,

எழுதிக் குடுக்காதீங்க. இத மொதல்ல சொல்லிடறேன், மத்தது எல்லாம் அப்புறம்.

2003-ல நான் ஒன்பதாவது. கலாம் அப்ப குடியரசுத் தலைவர், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் "2020-ல் இந்தியா"தான் தலைப்பு. நானும் எழுதினேன், ரெண்டாம் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "நம் நாடு விவசாய நாடு, 2020-ல் வயல்கள் பசுமை பூத்துக் குலுங்கும்"னு எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த வருஷம் பாசனத்துக்குத் தண்ணி விடற ஜூன் 12 வந்தும் மேட்டூர் அணை திறக்கல, எங்க வீட்டுல குறுவை நெல் சாகுபடி இல்ல, அப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டார். அந்தக் கட்டுரையில எங்கப்பா ஒரு வரியில கூட இல்ல. எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்ல, ஏன்னா கட்டுரைன்னா அது வேற, வீடுன்னா அது வேறன்னு யாரும் சொல்லாமலே எனக்குப் புரிஞ்சிருந்துச்சு. உங்க பொண்ணுக்கு இப்பத்தான் அது புரிய ஆரம்பிச்சிருக்கு. அதத்தான் தடுக்கணும்.

கலாம் பேசுன 2020 திட்டம் வெறும் கனவு இல்ல டீச்சர். 1996-ல தொழில்நுட்பத் துறை ஆளுங்க துறை துறையா உக்காந்து போட்ட கணக்கு அது. விவசாயமும் உணவு பதப்படுத்தலும், மின்சாரமும் போக்குவரத்தும், கல்வியும் மருத்துவமும்னு பிரிச்சுப் பேசினார். நகரத்துல கிடைக்கற வசதி கிராமத்துல கிடைக்கணும்னு "புரா"ன்னு ஒரு திட்டம் சொன்னார், அதுல மொத விஷயமே ரோடும் போக்குவரத்தும்தான். அவர் சொன்ன இலக்கு வளர்ந்த நாடு. அது நம்ம பள்ளிக்கூட மேடைக்கு வந்து சேரும்போது வல்லரசுன்னு ஆயிடுச்சு. அப்படிப் பாத்தா தலைப்புக்கு ரொம்பப் பக்கத்துல நின்னது உங்க பொண்ணுதான்.

2020-ம் வந்துச்சு. மார்ச்லயே பள்ளிக்கூடம் மூடியாச்சு. உங்க பொண்ணுக்கு அஞ்சாங்கிளாஸ் முழுசும் வீட்டுலயே போயிருக்கும், ஆறாங்கிளாஸ்க்குக் கதவு தொறந்தது 2021 நவம்பர் 1-லதான். ஒரு முழு வகுப்பப் பறிகொடுத்த பிள்ளை அவ. அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எவ்வளவு முக்கியம்னு நாம யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. அவளுக்கு 15 வயசுன்னா 2047-ல 37 ஆகும். அந்த வயசுல நின்னுகிட்டு தன் பொண்ணு வீடு வந்து சேர்ற நேரத்த யோசிச்சிருக்கா. ஒரு நாட்டோட எதிர்காலத்த இதவிடப் பக்கத்துல போய் எப்படிப் பாக்கறது, எனக்குத் தெரியல.

நடுவர்களத் திட்டவும் எனக்கு மனசு வரல. ஒரு தடவ நானும் நடுவரா போயிருக்கேன், மதியம் சாப்பிட்டு உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள 140 பேப்பர், இருபதாவது பேப்பருக்கு மேல கண்ணு குறிப்புச் சட்டகத்த மட்டும்தான் தேடும். முன்னுரை இருக்கா, உள்தலைப்பு இருக்கா, மேற்கோள் இருக்கா, டிக். அதுக்காக ஒண்ணு செய்யலாம். அவகிட்ட சட்டகத்தச் சொல்லிக் குடுங்க, உள்ள இருக்கற பஸ்ஸ மட்டும் எடுக்க விடாதீங்க. முன்னுரையிலயே அந்த 5.10-ம் 6-ம் வரட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த மாதிரி பஸ் இல்லாத ஊர் உனக்குத் தெரிஞ்சு இன்னும் எது எது? பக்கத்து ஊர் பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு வரட்டும். 2021-ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அவங்கம்மா இதனால எங்க எங்க போக முடிஞ்சுது, எந்த நேரத்துல போக முடியல, அதையும் எழுதட்டும். அங்க அவ ஊரு நாடாயிடும், நாம தனியா நாட்டப் பத்தி ஒரு பத்தி சேர்க்க வேண்டியதே இல்ல.

இன்னொண்ணு. அந்தக் கட்டுரைய போட்டிப் பேப்பரோட விட்டுடாதீங்க. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவ கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வர்ற தேதியில அவங்கம்மா அத எடுத்துட்டுப் போய் படிக்கட்டும், சத்தமா, முழுசா. தீர்மானமா எழுதச் சொல்லி, ஒரு காப்பி பஸ் டிப்போ கிளை மேலாளருக்கும் போகட்டும். எத்தனை பிள்ளைங்க, எந்த ஊர், எத்தனை மணின்னு ஒரு பக்கத்துல எழுதி தலைமையாசிரியர் கையெழுத்தும் வாங்கிக்கங்க. பஸ் நேரத்த மாத்தறது டெல்லியில இல்ல, அந்த டிப்போலயும் அதுக்கு மேல இருக்கற கோட்ட ஆபீஸ்லயும்தான், அவங்களுக்கு வேண்டியது இந்தக் கணக்குதான்.

நேரம் மாறுறதுக்கு நாளாகலாம், மாறாமலும் போகலாம். அதுவரைக்கும் அந்த ஊர் பிள்ளைங்களுக்கு மட்டும் காலையில எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, காலை பஸ் எத்தனை மணிக்குன்னு நீங்க எழுதல.

அந்தப் பொண்ணு சம்மதிச்சா அவ எழுதுனத எனக்கு அனுப்புங்க, நடுவர் போட்ட குறிப்போட. நடுவர் எழுதுனதுக்குக் கீழ நான் படிச்சதையும் எழுதி அவ பேருக்கே தபால்ல திருப்பி அனுப்பறேன்.